அழுதுகொண்டே எழுதிய ‘அ’: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

கரிசல் காட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் 34 வருஷம் ஒண்ணாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமே எடுத்து, 2021-ல் ஓய்வுபெற்றவள் நான். ‘வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் விளையாட்டும்’ என்று பத்திரிகை ஆசிரியர் அறிவித்ததும் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வளர்ந்து இதைப் படிப்பார்கள் அல்லவா?

ஒரு தாய், திருப்பூர்: மகளுக்கு மூணே முக்கால் வயசு, எல்.கே.ஜி. தினமும் ஒரு பக்கம் ‘அ’, ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து வீட்டுப்பாடம். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறாள். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்கார வைத்தால் ஒன்பதரை வரை இதே போராட்டம். நாத்தனார் பையன் இதே வயசில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுகிறான்.

முதலில் அந்த நாத்தனார் பையனை விட்டுவிடுவோம். அவன் எழுதுவது நூறு எண் இல்லை, நூறு கிறுக்கல் படம். சந்தேகமாக இருந்தால், நாத்தனார் அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பத்துப் புளியங்கொட்டையைக் கீழே கொட்டி, ‘அத்தைக்கு ஏழு எடுத்துக் குடுடா தங்கம்’ என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் கை நிறைய அள்ளிக் கொடுக்கும்.

இனி உங்கள் மகளின் கைக்கு வருகிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்பு. வருஷத்துக்கு ஒன்று என்கிற மாதிரி மெல்ல மெல்லத்தான் கெட்டிப்படும். நாலு வயசுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் பாதி எலும்புதான் தெரியும், கடைசி எலும்பு தெரிய ஒன்பது பத்து வயசுகூட ஆகும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது படம் போட்டுக் காட்டினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பு எத்தனை பிள்ளைகளின் விரலைப் பிடித்து அழுத்தியிருப்பேன்!

அதோடு ‘அ’ என்ன லேசுப்பட்ட எழுத்தா? ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, கடைசியில் ஒரு நெட்டுக் கோடு. ‘இ’ அதைவிட மோசம். வரிசையில் முதலில் நிற்பதால் அது கைக்கும் முதல் எழுத்தாகிவிடாது. நாங்கள் வகுப்பில் ட, ப, ம என்று கோட்டு எழுத்துகளில்தான் தொடங்குவோம். ‘ட’வுக்கு இரண்டு கோடு, ‘ப’வுக்கு மூன்று. இந்த மூன்றும் தெரிந்தால் ‘படம்’, ‘பட்டம்’, ‘மட்டம்’ எல்லாம் வந்துவிடும். முழுசாக ஒரு சொல்லைத் தானே படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நூறு ‘அ’ எழுதினாலும் அது வராது.

அதுவும் இப்போது இல்லை, பிறகு. இப்போது கைக்கு வலு வேண்டும். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டை அவளுக்கு. பட்டாணி உரிக்கட்டும், முருங்கைக்கீரை உருவட்டும், கொடியில் துணிக்கு கிளிப் போடட்டும். உங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் இல்லாத வீடு உண்டா? ஒரு வாளித் தண்ணீரில் அதை நனைத்துப் பிழியச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் கொடுத்து வாசல் சுவரில் விட்டுவிடுங்கள். கோடு, வட்டம், பாம்பு, பூதம் எது வேண்டுமானாலும் வரையட்டும். வெயில் ஐந்து நிமிஷத்தில் அழித்துவிடும். தப்பு என்று எதுவுமே அங்கே நிற்காது.

நம் பெரியவர்கள் விஜயதசமியன்று நெல்லைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். பென்சில் கிடையாது. ஒரு நாள், ஒரு எழுத்து, உடனே கையில் சுண்டல். எவ்வளவு விவரம் பாருங்கள்.

பள்ளிக்கு என்ன பதில் சொல்வது என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? நோட்டில் நீங்களே எழுதுங்கள்: ‘இன்று ஐந்து ‘அ’ சிரித்துக்கொண்டே எழுதினாள். அதற்கு மேல் நான் எழுத வைக்கவில்லை.’ கீழே கையெழுத்து. மிஸ் பாவம், அவரைத் திட்டாதீர்கள். அவருக்கு மேலே கரஸ்பாண்டன்ட். கரஸ்பாண்டன்டுக்கு மேலே, ‘இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம், ஒரு பக்கம்கூட எழுதலையே’ என்று போய் நிற்கிற நம்மைப் போன்ற பெற்றோர். எட்டு மணிக்குக் களைத்து வந்த தாயிடம் மகள் கேட்பது மடி. கால் மணி நேரம் கொடுங்கள், போதும்.

ஒரு தந்தை, ஓசூர்: மூணு வயசு மகனுக்கு ஒரே நேரத்தில் 12 புத்தகம் வாங்கினேன். நாலைக் கிழித்துவிட்டான். எந்தக் கதையும் முடியும்வரை உட்காருவதில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். எந்த மொழியில் படித்துக் காட்டுவது?

கிழிக்கத்தான் செய்வான். தாள் கிழியும் சத்தம் அவனுக்கு நாதஸ்வரம். கிழிப்பதற்கென்று பழைய செய்தித்தாளைத் தனியாகக் கொடுங்கள். கிழிந்த புத்தகத்தை ஒளித்துவைக்காமல் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். என் வகுப்பில் ஒரு சோப்புப் பெட்டி இருந்தது, ‘புத்தக ஆஸ்பத்திரி’ என்று எழுதி வைத்திருந்தேன். அடிபட்ட புத்தகம் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மைதாப் பசை காய்ச்சி எல்லோருமாக வைத்தியம் பார்ப்போம். கிழித்தவன்தான் கம்பவுண்டர்.

பன்னிரண்டும் ஒரே நேரத்தில் வெளியே கிடந்தால் பிள்ளைக்கு அது குப்பை. நாலை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பரணில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றினால் புதுப் புத்தகம் வந்த மாதிரி குதிப்பான். அந்த நாலையும் அடுக்காதீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு கட்டி, அட்டைப் படம் தெரிகிற மாதிரி அவன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தை மூணு வயசுக்காரன் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பான்?

கதையை முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பஸ் வருகிற பக்கம் பிடித்தால் அந்தப் பக்கத்தையே பத்து நாள் பாருங்கள். எழுதியிருப்பதை வரி விடாமல் படிக்கவும் வேண்டாம். ஒரே புத்தகத்தை நாற்பதாவது தடவை கொண்டுவந்து நீட்டினால் உங்களுக்குத்தான் அலுக்கும். அவன் அதில் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறான். நாற்பத்தொன்றாவது தடவை ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிப் படியுங்கள், எப்படிச் சண்டைக்கு வருகிறான் என்று பாருங்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை வைக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு நாள் பார்த்தேன். அப்பா ஆசையாகத்தான் படிக்கிறார். ‘இது என்ன? என்ன கலர்? எத்தனை இருக்கு? எண்ணு.’ ஐந்து பக்கத்துக்குள் பதினொரு கேள்வி. வாத்தியார் புத்தி, எண்ணிவிட்டேன். பன்னிரண்டாவது கேள்விக்குப் பிள்ளை இறங்கி ஓடிவிட்டது. கேட்பதற்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்: ‘அய்யய்யோ, யானைக்குக் காலெல்லாம் சேறு!’ சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டு வரும்போது அவனே, ‘அம்மா திட்டும்’ என்பான். அதற்கு மேல் பேச்சு எங்கே போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது.

மொழி? உங்கள் வீட்டு மொழிதான். எங்கள் கரிசல் ஊர்களிலும் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு குட்டிப் பையன் ‘நீள்ளு, நீள்ளு’ என்று அழுதான். நான் நோட்டுப் புத்தகம் முதல் நெல்லிக்காய் வரை எல்லாவற்றையும் காட்டினேன். அவன் கேட்டது தண்ணீர். தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெலுங்கில் கதை சொல்லுங்கள், ஒரு குறைவும் வராது. ஒரு மொழியில் நிறையப் பேசிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி ஒட்டிக்கொள்ளும்.

சென்னையிலிருந்து வரும் தூலிகா பதிப்பகத்தில் இருமொழிப் படக்கதைகள் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள் மலிவு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் இலவசமாகவே கதைகள் கிடைக்கும், இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். இதெல்லாம் போக நூலகம் என்று ஒன்று இருக்கிறது. நமக்குப் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. கட்டின காசுக்கு ஒரு தடவையாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஒரு அப்பத்தா, தேவகோட்டை: டீச்சரம்மா, கை நடுங்குது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்றேன். மூணாப்பு வரைக்கும்தான் படிச்சேன். மகனும் மருமகளும் மெட்ராசுல வேலை. நாலரை வயசுப் பேரன் என்கிட்ட இருக்கான். ‘நீங்க எழுத்துச் சொல்லிக் குடுக்காதீங்க அத்தை, ‘லை’யே தப்பா எழுதுறீங்க’ன்னு மருமக சொல்லுது. நான் என்னதான் சொல்லிக் குடுக்க?

நீங்கள் எழுதுவது தப்பே இல்லை அம்மா. அது பழைய லை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதானே? நானும் அதைத்தான் படித்தேன். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் எழுத்தை மாற்றி அச்சடித்தார். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது 1978-ல் அரசாணை வந்து, ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கையை இழந்தன. ணா, றா, னா வகையறாவுக்குத் தனியாகக் கால் முளைத்தது. மொத்தம் 13 எழுத்து. மருமகள் படித்தது அதற்குப் பிறகு. பேரனிடம் இரண்டையும் எழுதிக் காட்டி, ‘இது அப்பத்தா லை, இது அம்மா லை’ என்று சொல்லுங்கள். மருமகள் ஊருக்கு வரும்போது அவனே விளக்கம் சொல்வான்.

ஆனால் எழுத்து வேலையை மருமகளிடமே விட்டுவிடலாம். உங்களிடம் இருப்பது அவரிடம் இல்லை. உங்கள் பக்கத்து வீடுகளில் பல்லாங்குழி இல்லாமலா இருக்கும்? பரணிலிருந்து இறக்கித் துடையுங்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. போதும், கணக்கு வாத்தியாரே தேவையில்லை.

எப்படி என்று சொல்கிறேன். நாலரை வயசுப் பிள்ளை ‘ஒண்ணு ரெண்டு மூணு’ என்று இருபது வரை கடகடவென ஒப்பிக்கும். சாமானை எண்ணச் சொன்னால் வாய் ஒரு வேகத்தில் ஓடும், விரல் வேறு வேகத்தில் ஓடும். எட்டு பொருளைப் பதினொன்று என்று சொல்லும். பல்லாங்குழியில் அந்த ஏமாற்று செல்லாது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை போட்டே ஆகவேண்டும். ஒண்ணு என்றால் ஒரு கொட்டை, ரெண்டு என்றால் இன்னொன்று. கையும் வாயும் கண்ணும் ஒரே நேரத்தில் நடக்கப் பழகும். குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு!’ என்று அள்ளுவோமே, அதற்கு எண்ணக்கூட வேண்டாம், பார்த்தவுடனே நாலு என்று தெரிய வேண்டும். ஒண்ணாம் வகுப்பில் இதைக் கொண்டுவர நான் மாதக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். கொஞ்ச நாள் போனால் ‘இந்தக் குழியில எடுத்தா எங்க போய் முடியும்’ என்று முன்னாலேயே யோசிக்கத் தொடங்குவான். ஆரம்பத்தில் குழிக்கு மூணு போட்டு ஆடுங்கள். இரண்டு ஆட்டம் நீங்கள் தோற்றுப்போங்கள், மூணாவது ஆட்டத்தில் விடாதீர்கள்.

(மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எதுவும் வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதைகள் எனக்குத் தெரியும்.)

உளுந்து ஊறப்போடும்போது விடுகதை போடுங்கள். ‘வெள்ளை ராசாவுக்குக் கறுப்புச் சட்டை, அது என்ன?’ பதில் சொல்லாதீர்கள். காலையில் அவன் கையாலேயே கழுவட்டும். தோல் கழன்று வெள்ளையாக வரும்போது அவனே கத்துவான். ராத்திரி படுக்கையில், ‘அடுப்படியில ‘க’வுல தொடங்குற சாமான் என்னென்ன?’ என்று முதலில் நீங்கள் தொடங்குங்கள்: கரண்டி, கடுகு, கத்தி. அவன் ‘கட்டில்’ என்றால், ‘கட்டிலை எவன்டா அடுப்படியில போட்டது’ என்று சிரிக்கலாம். எழுத்து கண்ணுக்கு வருமுன்னால் காதுக்கு வரவேண்டும். அந்த வேலைக்கு மூணாப்பு தாராளமாகப் போதும்.

ஒரு தந்தை, கோவை: ஆறு மாதக் குழந்தையிலிருந்து காட்டவேண்டிய ‘மூளை வளர்ச்சி’ அட்டைகள், பெரிய பெட்டி, 24,000 ரூபாய். மாதத் தவணையும் உண்டு என்கிறார்கள். வாங்கலாமா?

பெட்டியை மட்டும் சும்மா கொடுத்தால் வாங்குங்கள். பிள்ளை அதற்குள் உட்கார்ந்து இரண்டு வருஷம் பஸ் ஓட்டும்.

ஒரு தாய், திண்டுக்கல்: சொந்தமாக டிபன் கடை. இரண்டரை வயசுப் பையன் செல்போன் இல்லாமல் சாப்பிட மாட்டான். ஏபிசிடி பாட்டு முழுசும் பாடுகிறான். ஆனால் ‘அம்மா’, ‘தா’, ‘போ’ என்று ஏழெட்டு வார்த்தைதான் பேச்சு. ‘அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்கிறார் மாமியார்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. போன் இரண்டாவது. முதலில் பேச்சு.

இரண்டு வயசு முடியும்போது ஒரு பிள்ளைக்குச் சுமார் ஐம்பது சொல் இருக்கும், ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லை ஒட்டிப் பேசும். இரண்டரையில் ஏழெட்டு என்றால் காத்திருக்கக் கூடாது. உங்கள் மாமியார் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டுச் சரி என்று தெரிந்துகொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. காது நன்றாகக் கேட்கிறதா என்பதுதான் முதல் சோதனை. பாட்டுப் பாடுகிறானே என்று அதை விட்டுவிடாதீர்கள். சிறுவர் உடல்நலத்துக்கென 2013-ல் வந்த தேசியத் திட்டத்தில் மாவட்ட அளவில் இதற்கென்றே மையங்கள் வைத்திருக்கிறார்கள், இங்கிலீஷில் சுருக்கமாக டி.இ.ஐ.சி. என்பார்கள். அரசு மருத்துவமனையில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். இந்த வாரமே ஒரு நாள் கடைக்கு மதியம் லீவு விடுங்கள்.

போன் பற்றி உங்களைத் திட்டப்போவதில்லை. ஒரு கையில் தோசைக் கரண்டி, ஒரு கையில் பிள்ளை என்றால் யாராக இருந்தாலும் போனைத்தான் கொடுப்பார்கள். இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எனக்குக் கவலை மணிக்கணக்கைவிட வேறொன்று. போன் இவனோடு பேசும், ஆனால் இவன் சொல்வதைக் கேட்காது. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கடை மேசையிலேயே உட்கார வையுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு விரல் சோறு ஊட்டி, ‘நண்டு ஊருது, நரி ஊருது’ என்று கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுங்கள். அந்தக் கிச்சுகிச்சு வருமுன்னாலேயே சிரிப்பான் பாருங்கள், அடுத்தது என்ன என்று காத்திருந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்துதான் பேச்சு வரும். முதல் மூன்று நாள் கத்துவான். நாலாவது நாள் இட்லி இறங்கும்.

ஒரு தந்தை, தூத்துக்குடி: ஐந்தரை வயசு மகள் ‘ட’வையும் 3-ஐயும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறாள். ‘ன’, ‘ண’ குழப்பம் வேறு. ஏதாவது குறைபாடா?

இப்போதைக்கு இல்லை. சொம்பை இந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திருப்பினாலும் சொம்புதான். செருப்பும் அப்படியே, பூனையும் அப்படியே. உலகத்தில் எழுத்து ஒன்றுதான் திரும்பினால் தப்பாகிறது. ஐந்து வருஷமாகக் கற்றதை அவள் இந்த ஒன்றுக்காக மட்டும் மறக்க வேண்டியிருக்கிறது. ஏழு வயசுவாக்கில் தானாகச் சரியாகிவிடும். அப்போதும் ஆகாமல், படிப்பதிலும் திணறினால் மட்டும் நிபுணரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தானே செய்து கற்கும் ‘செயல்வழிக் கற்றல்’ திட்டம் வந்தபோது எங்கள் வகுப்புச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை அடித்தார்கள், பிள்ளைக்கு ஒரு கட்டம். அந்தத் திட்டத்தில் எனக்கு ஒத்துவராதது நிறைய உண்டு, அந்தக் கரும்பலகையை மட்டும் கும்பிடுவேன். வீட்டில் ஒரு சுவரில் அடித்துக் கொடுங்கள். தோளிலிருந்து கையை வீசிப் பெரிசாக எழுதினால் எழுத்தின் திசை உடம்பில் பதியும். ‘ன’, ‘ண’ பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது. டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்களுக்கே வரவில்லை.

ஒரு தாய், சாத்தூர் அருகே: புத்தகம் வாங்கும் நிலைமை எங்களுக்கு இல்லை. ஊரில் நூலகமும் இல்லை. நான் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறேன். என் பிள்ளைக்கு என்ன வழி?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 1987 ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த வருஷம். விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து சின்னப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன காலம். பள்ளிக்கு வந்த மிச்சப் பிள்ளைகளும் சாயங்காலம் வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும். நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு தொண்டை வற்றக் கத்துவேன், ஒன்றும் ஏறாது. ஒரு நாள் ஒருத்தி பாவாடை முடிச்சிலிருந்து கத்தை லேபிளை எடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். எழுத்து தெரிந்து படிக்கவில்லை, படத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. மயில் லேபிளைக் கையில் வாங்கி, ‘இதில் ‘ம’ எங்கே இருக்கு?’ என்று தொடங்கினேன். அந்த வருஷம் என் பாடப் புத்தகமே லேபிள்தான்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கடலைமிட்டாய்க் கவர், பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ். பஸ் வரும்போது ‘சா… சாத்தூர் பஸ்ஸா, கோவில்பட்டி பஸ்ஸா?’ என்று நீங்களே சந்தேகப்படுங்கள். பிள்ளை சொல்லும்.

அடுத்தது, புத்தகத்தை நீங்களே செய்யுங்கள். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, பத்துத் தாளை மடித்து நடுவில் ஊசி நூலால் தைத்தால் புத்தகம். பிள்ளை சொல்வதைச் சொன்ன மாதிரியே எழுதுங்கள். ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு. எனக்குக் கறுப்புதான்.’ மேலே அது படம் வரையட்டும். என் வகுப்பில் ஒருவன் இப்படி ஆட்டைப் பற்றியே ஏழு புத்தகம் ‘எழுதினான்’. அவன் முதன்முதலில் படித்த புத்தகமும் அதுதான். தான் சொன்னது தாளில் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான் படித்தான்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தீர்களா?

இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இல்லை. மூத்தவன் பிறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். டீச்சர் மகன் திணறினால் ஊர் என்ன சொல்லும் என்கிற எண்ணம். மூன்றரை வயசில் சிலேட்டைக் கொடுத்தேன். பள்ளியில் இன்னொருவர் பிள்ளையிடம் காட்டின பொறுமையில் கால்வாசி அவனிடம் காட்டவில்லை. கையில் அடி ஸ்கேல் இருந்தது. ஐந்து வயசில் செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசித்தான், வருகிறவர்களிடமெல்லாம் வாசிக்க வைத்தேன். இன்றைக்கு அவனுக்கு நல்ல வேலை, நல்ல சம்பளம். அவன் வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. இளையவளை அவள் பாட்டியிடம் விட்டுவிட்டேன். அவளுக்கு எழுத்து ஏழு வயசில்தான் வந்தது. இப்போது தலையணைக்கு அடியில் எப்போதும் ஒன்று இருக்கும். இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு சட்டம் எழுதக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

போன பொங்கலுக்கு மூத்தவன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு மூணு வயசு. நான் வாங்கி வைத்திருந்த படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் மடியில் போய் உட்கார்ந்தாள். அவன் போனைக் கீழே வைத்தான். எனக்கு அடுப்படியில் நிலைகொள்ளவில்லை, எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். முதல் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து, ‘இது என்ன கலர், சொல்லு?’ என்றான்.

என் குரல், அச்சு அசலாக.

பேத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். இறங்கி, வாசலில் கிடந்த நாயிடம் போய் உட்கார்ந்து, அதற்குப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தாள்.